பதில்: காசநோய் உள்ள மாமனாரைப் பார்த்துக்கொள்ள எந்த மாஸ்க்?

வணக்கம் சகோதரி. மன்னார்குடிப் பக்கம் வீடு, மாமனாருக்குச் சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியாகி மாத்திரை தொடங்கியிருக்கிறது, சோறு ஊட்டுவதும் நீங்கள்தான், நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

உங்களுக்குப் போதாது. அதை அவருக்குப் போடுங்கள், இருமும்போது தெறிப்பது அதில் தங்கும். காசநோய்க் கிருமி காற்றில் வெகுநேரம் மிதக்கும். சர்ஜிக்கல் மாஸ்க்கில் கன்னத்தோர இடைவெளி வழியாக அந்தக் காற்று நேரே உள்ளே போய்விடும்.

நீங்கள் என்95 மாஸ்க் வாங்குங்கள். 0.3 மைக்ரான் அளவுள்ள, கண்ணுக்கே தெரியாத துகள்களில் குறைந்தது 95 சதவீதத்தைப் பிடிக்கும். சல்லடை போல வடிகட்டுவது மட்டுமில்லை, அதன் இழைகளில் இருக்கும் நிலைமின்சாரம் துகளை இழுத்து ஒட்டவைக்கும். அதனால்தான் சோப்புப் போட்டுத் துவைக்கவே கூடாது. மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு வேகமாக ஊதிப் பாருங்கள். கண் பக்கம் காற்று வந்தால் சரியாகப் பொருந்தவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்குத் தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் படியாது, தாடியை எடுக்கச் சொல்லுங்கள்.

மார்கழிப் பனிக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தாதீர்கள். முடிந்தவரை மாமனாரைத் திண்ணையில் உட்கார வையுங்கள். தட்டு, டம்ளர் மூலம் இது பரவாது, பாவம், அவரை அப்படி ஒதுக்க வேண்டாம்.

ஒன்று மிக முக்கியம். வீட்டில் இருக்கும் எல்லோரும், குறிப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நோய் வராமல் தடுக்கும் மாத்திரை அங்கே இலவசம். இந்த வாரமே போய்விடுங்கள்.