மாத்திரை வீட்டுக்கே வந்த பிறகு செவிலியருக்கு என்ன வேலை?

கேள்வி நியாயமானதுதான். ஏற்காட்டு மலைக் கிராமங்களில் பணிபுரியும் செவிலியராகச் சொல்கிறேன்: பாதி வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வாசலுக்கே வருகின்றன. பெரிய உதவி. ஆனால் வெறும் டீயோடு காபித் தோட்டத்துக்குக் கிளம்பும் பெண், இன்சுலின் போட்டுக்கொண்டு சரிவில் நின்று பழம் பறித்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். அவரிடம் "வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்" என்பது வெறும் பேச்சு. எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், தூக்குவாளியில் என்ன இருக்கிறது என்று கேட்டால்தான் வழி பிறக்கும். ஊசிக்குப் பின் ஒரு உருண்டை களியாவது தின்றுவிட்டே புறப்பட வேண்டும். மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். நடுக்கம் கண்டால் மூன்று தேக்கரண்டி வாயில் போட்டு, கால் மணி நேரம் உட்கார வேண்டும். தணியாவிட்டால் மறுபடி அதே அளவு, தணிந்ததும் சாப்பாடு.

ரத்த அழுத்தம் வேறு வகைச் சிக்கல். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, சிஸ்டர்?" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். வலி இல்லாத நோய்க்குத் தினமும் மருந்து என்பதை ஒரே நாளில் யார்தான் ஏற்பார்கள்? "சொன்னபடி கேட்பதில்லை" என்று நோயாளிமேல் பழி போடுவது எனக்குப் பிடிக்காது. அளந்த எண்ணை அவர்களிடமே சொல்லி, சென்ற மாத எண்ணோடு ஒப்பிட்டுக் காட்டுகிறேன். அடுத்த முறை "இன்று எவ்வளவு?" என்று அவர்களே கேட்கிறார்கள்.