செட்டப்தான் 16-பிட், கேம் இல்லை

பழைய கேம் சீடியின் செட்டப் (இன்ஸ்டோல் பண்ணும் புரோகிராம்) உங்கட 64-பிட் விண்டோஸில் ஓடுதில்லை என்று கேட்டிருந்தீங்க. கொம்பட்டிபிலிட்டி மோடை (பழைய விண்டோஸ் போல நடிக்க வைக்கும் செட்டிங்) மாற்றி மாற்றிப் பார்த்துப் பலனில்லை. 64-பிட் விண்டோஸில் 16-பிட் (மிகப் பழைய வகை) புரோகிராம் ஓடாது. 90களின் கேம்கள் பலதில் கேம் 32-பிட், செட்டப் மட்டும் 16-பிட். மட்டக்களப்புக் கடையில் வாங்கின உங்கட சீடியும் அப்படித்தான் போல.

செட்டப் ஃபைலை நோட்பேடில் திறவுங்க. குப்பை எழுத்துக்கு நடுவில, தொடக்கத்துக்குக் கிட்ட 'என்ஈ' (NE) என்ற இரண்டு ஆங்கில எழுத்து இருந்தால் 16-பிட். 'பிஈ' (PE) என்றால் 32.

16 என்றால்: வர்ச்சுவல்பொக்ஸில் (கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் புரோகிராம்) 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பி போட்டு, அதுக்குள்ள இன்ஸ்டோல் பண்ணி, கேம் போல்டரை அப்படியே வெளியே உங்கட விண்டோஸுக்குக் கொப்பி பண்ணுங்க. 3டி கேமை உள்ளேயே விளையாடப் பார்க்காதீங்க, ஊரும்.

ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் செட்டிங்குகளைச் சேர்த்து வைக்கும் இடம்) பதிவு தேடும் கேம் என்றால் கொப்பி மட்டும் போதாது. சீடியில் சேஃப்டிஸ்க் பூட்டு (சீடியைக் கொப்பி அடிக்க விடாத பாதுகாப்பு) இருந்தால் விண்டோஸ் 10 அதை ஏற்காது. அதுக்கு வேற வழி பார்க்கணும்.