தென்காசி எங்கே போயிற்று?

கேள்வி: எங்கள் பகுதியில் பீடி சுற்றும் பெண்கள் அதிகம், பலருக்கு ரத்தசோகை. கிராம சபையில் பேச அரசுப் புள்ளிவிவரம் தேடினேன். தேசியக் குடும்பநல ஆய்வில் தென்காசியே இல்லையே?
- ஒரு வாசகி, கடையநல்லூர் வட்டம்

பதில்: இருக்கிறது, அம்மா, திருநெல்வேலிக்குள் ஒளிந்திருக்கிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2019-21 ஆய்வோ 2017இல் இருந்த மாவட்டங்களைக் கொண்டு நடந்தது. ஆகவே திருநெல்வேலியின் தகவல் தாளை இறக்கிக்கொள்ளுங்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களின் ரத்தசோகை, தமிழகம் முழுவதற்கும் 53.4 சதவீதம், திருநெல்வேலி எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே தாளில் பத்தாண்டுப் படிப்பு, 18 வயதுக்கு முன் திருமணம், கழிப்பறை, சமையல் எரிபொருள் எல்லாம் உண்டு. நோயை மட்டும் படித்துவிட்டு இவற்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

அந்தத் தாளில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணை மேடையில் சொல்ல வேண்டாம். வெறும் 25 முதல் 49 பேரை வைத்துக் கணக்கிட்டது அது, உறுதியாக நம்ப முடியாது. நான் ஒருமுறை சொல்லி, பின்வரிசைக் கல்லூரி மாணவி ஒருத்தி திருத்தினாள்.

பீடித் தொழிலுக்கென்று அதில் தனிக் கட்டம் கிடையாது. கிராம அளவும் கிடையாது. கிராமத்துக்கு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். பழையது, வேறு வழியில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிகள் ரத்தப் பரிசோதனைக் கணக்கை, பெயர்கள் இல்லாமல், தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். கிராம சபைத் தேதியைப் பார்த்துக்கொண்டு இப்போதே எழுதிப் போடுங்கள்.