கைதட்டுவது எப்போது: பர்மிங்ஹாம் டவுன் ஹால் கச்சேரி

வணக்கம் ஐயா. திருகோணமலையிலிருந்து மகளிடம் செல்லும் தாங்கள், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் டவுன் ஹாலில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி என்னும் பெரிய வாத்தியக் குழு இசையைக் கேட்கப் போவதாகவும், எங்கே கைதட்டுவது, வேட்டி உடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேட்டி தாராளமாக உடுக்கலாம். குளிருக்கு மேலே ஒரு கோட் மட்டும் வேண்டும்.

கைதட்டல்தான் சிக்கல். கோணேசர் கோயில் திருவிழாவில் தவில்காரர் வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானம் வைத்தவுடன் நாம் கைதட்டிவிடுவோம். பர்மிங்ஹாமிலோ சிம்பொனியின் நான்கு பகுதிகளும் முடியும்வரை பொறுத்திருப்பதே வழக்கம். ஆனால் இந்தச் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காவதற்குள் நுழைவதால், இடைவெளிகளை எண்ணிக்கொண்டிருந்தால் கணக்குத் தவறும். ஆகவே எண்ண வேண்டாம். வாத்தியக் குழுவை வழிநடத்தும் நெறியாளர் கைகளை முழுவதும் தாழ்த்திச் சபையை நோக்கித் திரும்பியபின் தட்டுங்கள்.

தொடங்குமுன் ஒபோ என்னும் குழல் வாத்தியத்தை வாசிப்பவர் ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் அதற்குச் சுருதி கூட்டுவார்கள். கச்சேரி தொடங்கிவிட்டதென்று எண்ணிவிடாதீர்கள். பிந்திச் சென்றால் பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவைக்கக்கூடும் என்பதால், அரை மணிநேரம் முன்னதாகவே போய்விடுங்கள். 1834இல் திறக்கப்பட்ட, ரோமானியக் கோயில் போன்ற தூண்களுடைய அந்த மண்டபத்தையும், மேடைக்குப் பின்னால் எழுந்து நிற்கும் குழாய் ஆர்கனையும் ஆறுதலாகப் பார்க்கலாம். இசையமைப்பாளர் மெண்டல்சோனின் ‘எலைஜா’ என்னும் பாடகர் குழு இசைப்படைப்பு 1846இல் முதன்முதலாக அரங்கேறியதும் அங்கேதான்.

இருமலுக்குக் கற்கண்டு கொண்டுபோங்கள். உறையிட்ட இனிப்பு வேண்டாம். மெல்லிய வாசிப்பின்போது அதைப் பிரிக்கும் சரசரப்பு நான்கு வரிசைக்குக் கேட்கும்.