காக்கவும் வைத்தார்

அன்புள்ள ஐயா,

போன மாதம் எங்கள் ஆலயத்தில் சுற்றுச்சூழல் ஞாயிறு கொண்டாடினார்கள். படைப்பைக் காப்பது பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம், அப்புறம் வேப்பங்கன்று நட்டு ஜெபம். வெளியே வந்தால், வாசலுக்கு எதிரே பாதாளச் சாக்கடைக் குழியில் ஒருவர் மார்பளவு இறங்கி, கையுறைகூட இல்லாமல் பிளாஸ்டிக் கப்புகளை வாரி வெளியே போட்டுக்கொண்டிருந்தார். யாரும் நிற்கவில்லை. மனிதனைத்தானே தேவன் தம் சாயலாகப் படைத்தார்? பூமியைக் கீழ்ப்படுத்தி ‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்றும் அவனிடம்தானே சொன்னார்? மரத்தையும் மண்ணையும் பேசிப் பேசி மனிதனின் மதிப்பை நாம் குறைக்கிறோமோ என்று தோன்றுகிறது.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் நியாயமானது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடைக் குழியில் இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அதற்குப் பிறகும் மனிதன் இறங்குகிறான். அதுவும் பெரும்பாலும் அதே சாதிகளிலிருந்து. அதைப் பார்த்தும் நிற்காமல் போனது பாவம். வேறு சொல்லால் அதை நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கிருந்து நீங்கள் போய்ச் சேரும் இடத்துக்கு என்னால் வர முடியவில்லை.

‘ஆண்டுகொள்ளுங்கள்’ ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் வருகிறது. அடுத்த அதிகாரத்தின் 15-ம் வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்: ஏதேன் தோட்டத்தை ‘பண்படுத்தவும் காக்கவும்’ மனுஷனை வைத்தார். இந்தக் காத்தலுக்கு எபிரெயத்தில் உள்ள சொல் ‘ஷாமர்’. ஆராதனை முடிவில் போதகர் ஐயா கையை உயர்த்தி ‘கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்’ என்கிறாரே, அங்கேயும் அதே சொல். ஆபேலைக் கொன்றுவிட்டுக் காயீன் கேட்கிறான்: ‘என் சகோதரனுக்கு நான் காவலாளியோ?’ அதுவும் அதே சொல்தான். தோட்டத்தைக் காப்பதும் சகோதரனைக் காப்பதும் வேதத்துக்கு ஒரே வேலை. தம்பியின் இரத்தம் விழுந்த பிறகு நிலம் காயீனுக்குப் பலன் தராது என்றுதானே தீர்ப்பு வந்தது?

ஆளுகை என்றால் என்ன என்று 72-ம் சங்கீதம் சொல்கிறது. சமுத்திரம் தொடங்கிச் சமுத்திரம் வரை ஆளும் அந்த ராஜா, கூப்பிடுகிற எளியவனை விடுவிக்கிறான். யாத்திராகமம் 23-ல் ஏழாம் நாள் ஓய்வு எருதுக்கும் கழுதைக்கும் அடிமைப்பெண்ணின் பிள்ளைக்கும் அந்நியனுக்கும் ஒரே வசனத்தில் கிடைக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில், ஏழாம் வருஷம் நிலத்தைச் சும்மா விடச் சொல்கிறது. அதில் தானாக விளைந்ததை முதலில் ஏழைகள் சாப்பிட வேண்டும், மீதி காட்டு ஜீவன்களுக்கு. எருதைச் சேர்த்ததால் அந்த அடிமைப்பெண்ணின் பிள்ளைக்கு என்ன குறைந்துபோயிற்று?

‘போரடிக்கிற மாட்டை வாய் கட்டாயாக’ என்பது உபாகமம். எங்கள் தாத்தா களத்துக்கு வந்ததும் மாடுகளின் வாய்க்கூட்டை அவிழ்த்து வேப்பங்கிளையில் மாட்டிவிடுவார். பிணையல் மாடுகள் குனிந்து குனிந்து கதிரைக் கவ்விக்கொண்டே சுற்றும். சாயங்காலம் கூலிநெல் அளக்கும்போது மரக்காலின் தலையைத் தட்ட மாட்டார், குவியலாகவே அளந்து போடுவார். இரண்டுக்கும் அவர் சொன்னது அந்த ஒரே வசனம். பிற்பாடு 1 தீமோத்தேயுவில் பார்த்தேன். மாட்டின் வாயைக் கட்டாதே என்பதும், வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பதும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

சரி, அந்தக் குழிக்கு வருவோம். அவர் வாரிப் போட்டது பிளாஸ்டிக் கப்புகள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆராதனை முடிந்து நாம் காபி குடித்துவிட்டு எறிவதும் அதே கப்புகள்தான். நாம் பூமிக்குச் செய்தது அந்த மனிதரின் வெறுங்கையில் வந்து சேர்ந்திருக்கிறது. கன்று நட்டவர்கள் தொலைவில் உள்ள எதையோ காக்கப் போய் இதைத் தவறவிட்டார்கள். பிரசங்கத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள், அதை வாசலைத் தாண்டி அந்தக் குழிவரைக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

உங்கள் ஆலயத்தை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இரண்டையும் ஒரே தீர்மானமாக வையுங்கள். காபிக்கு எவர்சில்வர் டம்ளர். தெருச் சாக்கடை அடைத்தால் எந்திரம்தான் வர வேண்டும் என்று மாநகராட்சிக்கு ஆலயத்தின் பெயரில் ஒரு மனு. அப்புறம், அந்த மனிதரின் பெயர் என்ன என்று யாராவது கேட்டார்களா? எனக்கு எழுதுங்கள்.