திருநெல்வேலித் தெருவோரக் கடைகளில் எதை, எப்போது சாப்பிடுவது?

கேள்வி: சென்னையிலிருந்து மனைவி, எட்டு வயது மகளுடன் மே மாதக் கடைசியில் மூன்று நாள் திருநெல்வேலிக்கு வருகிறோம். பெரிய ஓட்டல்களை விட்டுவிட்டு, உள்ளூர்க்காரர்கள் நின்று சாப்பிடும் தெருவோரக் கடைகளில் சாப்பிட ஆசை. எங்கே, என்ன சாப்பிடலாம்? வயிறு கெடாமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

நான் பாளையங்கோட்டைக்காரன். உரம், பூச்சிமருந்து விற்பனைப் பிரதிநிதியாகப் பதினெட்டு வருடமாக அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில், திருச்செந்தூர் என்று பைக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டன. சாப்பாட்டு விஷயத்தில் எனக்கு இது இன்னும் ஒரே சீமைதான். வாரத்தில் ஐந்து நாள் காலையும் இரவும் ஏதாவது ஒரு கடைவாசலில் நின்றுதான் சாப்பிடுகிறேன்.

நீங்கள் கடைகளைக் கேட்கிறீர்கள். நான் வேளையைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் உண்டு. காலை ஏழு மணிப் பண்டத்தைப் பத்து மணிக்குத் தேடினால் கிடைக்காது. கிடைத்தால் சாப்பிடக் கூடாது. வெளியூர் நண்பர்கள் பலர் மத்தியானம் அல்வாவுக்கும் சாயங்காலம் பதனீருக்கும் அலைந்துவிட்டு, "சொல்கிற அளவுக்கு ஒன்றும் இல்லையே" என்று ரயில் ஏறியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கிறது.

விடிந்ததும் ஆப்பம். பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன் இரண்டிலும் பழைய சந்துகளில் வீட்டு வாசலிலேயே அடுப்பு வைத்து ஆப்பமும் இடியாப்பமும் புட்டும் விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். பெயர்ப்பலகை இருக்காது. ஆறரை மணிக்குத் தூக்குவாளியோடு நாலு பேர் நிற்கும் இடம் எது என்று பாருங்கள், போதும். எங்கள் தெருமுக்கில் ஓர் ஆச்சி முப்பது வருடமாக ஆப்பம் சுடுகிறாள். இரண்டே இரண்டு இரும்புச் சட்டி. ஒரு கரண்டி மாவை ஊற்றி, சட்டியின் இரு காதையும் துணியால் பிடித்து ஒரே சுற்று. மாவு ஓரமெல்லாம் மெல்லிய வலை மாதிரி ஒட்டிக்கொண்டு, மிச்சம் நடுவில் வந்து தேங்கும். மூடி போட்டுவிட்டு அடுத்த சட்டிக்குப் போவாள். அவசரப்பட்டுத் தட்டை நீட்டினால், "இரு ராசா, ஓரம் முறுகட்டும்" என்பாள். ஓரம் பழுப்பாகிச் சட்டியை விட்டுத் தானாகக் கழன்று வரும்போதுதான் எடுப்பாள். மேலே தேங்காய்ப்பால், கொஞ்சம் சீனி. உங்கள் மகளுக்கு இது நிச்சயம் பிடிக்கும். மாவு தீர்ந்ததும் வாளியைக் கழுவித் திண்ணையில் கவிழ்த்து வைத்துவிடுவாள். எட்டு மணிக்குமேல் அந்தத் தெருவில் போகிறவர்கள் கவிழ்ந்த வாளியைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிவிடுவார்கள். மறுநாள் மாவை அன்று கரைக்கிற வழக்கம் அவளிடம் இல்லை. இப்படித் தீர்ந்துபோகிற கடைதான் நல்ல கடை. பதினெட்டு வருடத்தில் நான் கண்டுகொண்டது இதுதான்.

ஒருநாள் காலையைப் பதனீருக்கு ஒதுக்குங்கள். மே கடைசி என்பதால் பருவத்தின் பின்பகுதியில் வருகிறீர்கள், இன்னும் கிடைக்கும். திருச்செந்தூர் சாலையில் குரும்பூரைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பனைதான். அங்கிருந்து உடன்குடி, சாத்தான்குளம் வரை செம்மண்ணும் தேரி என்று சொல்லும் சிவப்பு மணல்மேடும் பனங்காடும். சாலையோரம் மண்பானையும் ஒரு கட்டுப் பனையோலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள். பனையேறிகள் பாளையைச் சீவி, உள்பக்கம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு வருவார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதனீர். இல்லையென்றால் சொட்டும்போதே புளிக்கத் தொடங்கிக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு இருந்தாலும் வெயில் ஏற ஏற அந்தச் சுவை நிற்காது. குடித்தால் நாக்கில் இனிப்போடு சுண்ணாம்பின் மெல்லிய வாடையும் தெரிய வேண்டும். நுரை பொங்கி நின்றாலும், வாடையே இல்லாமல் வெறும் இனிப்பாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

டம்ளரில் கேட்காதீர்கள், பட்டையில் கேளுங்கள். பச்சைக் குருத்தோலையை மடக்கி, இரு முனையையும் சேர்த்து ஒரு கட்டுக் கட்டினால் அதுதான் பட்டை. போன வருடம் ஒரு பெரியவர் கட்டித் தருவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கை முழுக்கப் பனைமரச் செதில் உரசிய காய்ப்பு. விரல்கள் மட்டும் பூக்கட்டுகிறவரின் விரல்போல ஓடின. "நுங்கு போடவா அண்ணாச்சி, சும்மா குடிக்கிறீர்களா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். இளநுங்கைப் பெருவிரலால் தோண்டிப் பதனீரில் விட்டார். ஓலையின் பச்சை வாசனை, குளிர்ந்த நுங்கு, பதனீர் மூன்றும் ஒரே வாயில் சேர்ந்து வரும். நான் சாப்பிட்டதிலேயே மிக நல்ல பண்டம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். மரம் ஏறுகிற ஆட்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறார்கள். அதனால் அவர் கேட்கும் காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. திரும்பும்போது இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். வைகாசி விசாகம் அந்த நாட்களில் வந்தால் திருச்செந்தூர் சாலையில் வண்டி நகராது. தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலில் கம்பங்கூழ், கேப்பைக்கூழ். பைபாஸ் ஓரத் தள்ளுவண்டிகளில் சின்ன வெங்காயம், மோர்மிளகாய், மாங்காய்க் கீற்றோடு தருவார்கள். வெயிலுக்கு நல்லது. கூழில் கலக்கும் மோரும் தண்ணீரும் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவரிடம் குடியுங்கள்.

சாயங்காலம் டீக்கடைகளில் ரசவடை கிடைக்கும். சுடச்சுடப் பொரித்த பருப்புவடையை மிளகு ரசத்தில் ஊறப்போட்டுத் தருவது. சென்னையில் கிடைப்பதைவிட ரசம் காரமாகவும் புளிப்புக் குறைவாகவும் இருப்பதாக எனக்குப் படுகிறது. வடையைப் பழைய செய்தித்தாளில் வைத்து எண்ணெய் பிழியும் கடையில் இலைத்துண்டு கேளுங்கள். சூடான எண்ணெயில் அச்சுமை இறங்கும். அதில் ஈயம் உண்டு என்று உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரித்திருக்கிறது. கோடையில் இங்கே ஊருக்கு ஊர் சுடலைமாடனுக்கும் அம்மனுக்கும் கொடை என்கிற கோயில் திருவிழா நடக்கும். வழியில் மேளச்சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்துங்கள். கோயிலுக்கு வெளியே அரிசிமாவும் உளுந்துமாவும் கலந்து எண்ணெயில் பிழிந்து, கருப்பட்டிப் பாகில் முக்கி எடுத்த மிட்டாயை ஓலைப்பெட்டியில் குவித்து வைத்திருப்பார்கள். கடித்தால் உள்ளே இருந்து பாகு வடியும். அதைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போகலாம் என்று வைக்காதீர்கள், அங்கேயே சாப்பிடுங்கள்.

அல்வா. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழ ரதவீதியில் இருக்கும் இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும். அன்றைய சரக்கு தீர்ந்தால் மூடிவிடுவார்கள். வரிசை நீளமாக இருக்கும், வேகமாகவும் நகரும். மகளோடு ஒருவர் நிழலில் நின்றுகொள்ளுங்கள். பொட்டலம் வாங்குவதோடு நூறு கிராம் கையிலும் கேட்டு வாங்குங்கள். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பால் எடுத்து, அதைச் சர்க்கரையோடு மணிக்கணக்கில் கிண்டி, ஊற்றிய நெய்யைத் திரும்ப வெளியே கக்குகிற பதத்தில் இறக்குவதுதான் திருநெல்வேலி அல்வா. சூடாக இருக்கும்போது அது வாயில் மெல்லவே விடாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பின்னாலேயே ஒரு பிடி மிக்சரோ காராச்சேவோ சாப்பிட்டால் திகட்டாது. எங்கள் வீடுகளில் அதுதான் முறை. தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்வோம், நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பஸ் நிலையம் ஒன்றின் பக்கத்தில், பிரபலமான பெயரைப்போலவே பெயர் வைத்த ஒரு கடையில் மாமனாருக்கு ஒரு கிலோ வாங்கிப் போய், பிரித்தபோது டால்டா வாடை அடித்ததில் நான் தலைகுனிந்து நின்றிருக்கிறேன். விரலில் தேய்த்தால் நெய் வாசனை நிற்க வேண்டும். மாவாக உதிர்ந்தாலோ கல்லாக இறுகியிருந்தாலோ வாங்காதீர்கள்.

இரவு புரோட்டா. மற்றொரு நாளை இதற்காகவே தென்காசிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டைக்கு முன்னால் பிரானூர் பார்டர் என்று ஓர் இடம். இப்போது கேரள எல்லை அதற்கு அப்பால் புளியரையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்ததால் அன்றைய எல்லை இங்கே. எல்லை நகர்ந்த பிறகும் பார்டர் என்ற பெயர் நின்றுவிட்டது. குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்களுக்காகவே வளர்ந்த கடைகள் இங்கே இருக்கின்றன. கல்லுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். எண்ணெயில் ஊறிய உருண்டையை மாஸ்டர் பலகையில் வீசி வீசிக் கண்ணாடிபோல் ஆக்கி, மடித்துச் சுருட்டி, தட்டிக் கல்லில் போடுவார். வெந்ததும் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இரண்டு பக்கமிருந்தும் உள்ளங்கைகளால் படபடவென்று அடிப்பார். அடுக்குகள் பிரிந்து ஆவி கிளம்பும். அந்த ஆவி அடங்குமுன் இலையில் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி ஒரு நிமிடம் ஊறவிடுங்கள். நாட்டுக்கோழியோ காடையோ ஒரு தட்டு போதும். மகளுக்குச் சால்னாவைத் தனிக் கிண்ணத்தில் வாங்குங்கள், மிளகுக் காரம் அதிகம்.

குற்றாலத்தில் சாரல் சீசன் என்பது எங்களுக்கு ஆனி, ஆடி. மே கடைசியில் அருவியில் தண்ணீர் இருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் சீசனில் திடீரென முளைக்கும் தற்காலிகக் கடைகளில் கவனமாக இருங்கள் என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஒருமுறை அருவிப் பக்கம் இரவு பத்தரை மணிக்கு, கூட்டமே இல்லாத ஒரு கடையில், ஆறிப்போன சால்னாவைச் சூடாக்கி ஊற்றினார்கள். மழை, பசி, யோசிக்காமல் சாப்பிட்டுவிட்டேன். நான்கு நாள் படுக்கை, இரண்டு பாட்டில் குளுக்கோஸ். அன்றிலிருந்து ஒன்பது மணிக்குமேல் புதுக் கடையில் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதில்லை. தேங்காய்ச் சட்னியும் அப்படித்தான். காலையில் அரைத்தது பதினோரு மணிக்கு இருந்தால் தொடாதீர்கள். குழந்தைக்குக் குடிதண்ணீர் கையில் எடுத்துப் போங்கள். தட்டைவிட வாழையிலை நம்பகமானது.

ஒன்றைத் தெருவில் தேட வேண்டாம்: சொதி. தேங்காய்ப்பாலும் காய்கறியும் சேர்த்து, இஞ்சித் துவையலோடு பரிமாறுவது. கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து அது. திருநெல்வேலிக்காரர் யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொதி வைக்கிறேன் என்றால் மற்ற எல்லாத் திட்டத்தையும் மாற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

திரும்பிப் போவதற்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுங்கள். அது இரவில்தான் கிளம்பும். கடைசி நாள் அல்வாவை சாயங்காலம் வாங்கிக்கொண்டு நேராக ஜங்ஷனுக்கு வந்துவிடலாம். பிரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து இறுகிவிடும். வெளியில் வைத்தாலே சில நாள் தாங்கும். சாப்பிடும்போது ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் ஐந்து நிமிடம் வையுங்கள். நெய் மறுபடி மேலே வரும்.