களிம்பை நிறுத்தினால் திரும்பி வரும் கரப்பான்

சகோதரி, தண்டையார்பேட்டையில் நாலு வயசுப் பையனுக்கு முழங்கால் மடிப்பில் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி), ஸ்டீராய்டு களிம்பு போட்டால் போகிறது, நிறுத்தினால் வருகிறது, டாக்டர் இரண்டே நிமிஷத்தில் அதே சீட்டை எழுதித் தருகிறார் என்கிறீர்கள். கோபம் நியாயம்தான். களிம்பு அரிப்பையும் அழற்சியையும் அடக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்க முடியாத தோல் அப்படியேதான் இருக்கும். அதற்குத் தினமும் மாய்ஸ்சரைசர் வேண்டும், அரிப்பு இல்லாத நாளிலும். இதைத்தான் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. குளித்த ஈரம் முழுக்கக் காயும் முன்பே தாராளமாகப் பூசுங்கள். வாசனையில்லாத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியே போதும், விலையும் கம்மி. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பகலில் பிசுபிசுக்கும், ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு களிம்பு அளவு: பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால், விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சரி. பயந்து பொட்டு வைப்பதுபோல் வைத்தால் அடங்காது. மருந்துக்கடையில் சும்மா கேட்டு வாங்கும் கலப்பு க்ரீம் வேண்டவே வேண்டாம். சிலதில் குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு இருக்கும், குழந்தைக்கு அது ரொம்ப வீரியம். நாட்டு மருந்து யோசிக்கிறீர்களா? உள்ளே என்ன என்று எழுதாத டப்பாவில் ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு.

அப்புறம், அடங்கிய பிறகும் வாரம் இரண்டு நாள் பழைய இடத்தில் களிம்பு போடும் முறை இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டி இதைக் கேளுங்கள். நீர் வடிந்தாலோ மஞ்சள் பொருக்கு கட்டினாலோ காத்திருக்காமல் அன்றே போங்கள்.